குறுக்கே போனவங்க

பூனை குறுக்கே போனதாலதான் மழை பெய்ஞ்சு உப்பு கரைஞ்சுதுன்னு ஒரு பெரிய மனுஷன் சொன்னா நீங்க சிரிப்பீங்க. நானும் சிரிச்சேன். சொன்னவர் எங்க ஹவுஸ் ஓனர். வாடகைக்கு இருக்கறவ ஓனர் முன்னாடி சிரிக்கக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை. இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நான் மரக்காணத்துல உப்பு பாக்கெட் போடற ஷெட்டுல வேலை பார்க்கறேன். அதுக்கு முன்னாடி எட்டு வருஷம் உப்பளத்துலயே பாத்தியில இறங்கி உப்பு வாரினவ. என் புருஷனும் அங்கதான் வேலை. மஞ்சக்காமாலை வந்து ஒரே மாசத்துல போயிட்டாரு. அப்ப பொண்ணு ஒன்பதாவது. இருந்த வீட்டை அவரோட அண்ணன் தம்பிங்க கேட்டாங்க, சண்டை போடத் தெம்பில்லாம வெளிய வந்துட்டேன்.

அப்புறம் வாடகைக்கு வீடு தேடினேன் பாருங்க, அந்த அலைச்சல் எதிரிக்குக் கூட வரக் கூடாது. "யார் யாரு இருக்கீங்க?"ன்னு கேப்பாங்க. "நானும் பொண்ணும்"னு சொன்னதும் முகம் மாறும். "ஆம்பளை யாரும் இல்லையா?"ன்னு அடுத்த கேள்வி. "யோசிச்சுச் சொல்றோம்"னு சொல்லி கேட்டைச் சாத்துவாங்க. இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருக்கறவங்க இந்த ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. இந்த ஓனர்தான் ஒண்ணும் கேக்காம சாவியைக் குடுத்தாரு. அந்த நன்றி எனக்கு இருந்துச்சு. அந்த நன்றிதான் என் வாயைக் கட்டிப்போட்டுச்சு, அதையும் சொல்லிடறேன்.

முன்னாடி அவங்க வீடு, பின்னாடி எங்க போர்ஷன். ஒரே காம்பவுண்ட், ஒரே கேட்டு. ஓனர் அளத்துல பாத்தி குத்தகைக்கு எடுத்து உப்பு எடுக்கறவர். கை சுத்தமான ஆளு, வேலைக்கு வர்றவங்களுக்குக் கூலி பாக்கி வைக்க மாட்டாரு. கெட்டவர்னு நான் எங்கயும் சொல்ல மாட்டேன். கெட்டவரா இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்.

பூனையை நாங்க கொண்டு வரலை. இதை நான் கற்பூரம் அடிச்சுச் சொல்லுவேன். நாங்க சாமான் இறக்கின அன்னிக்கே அது சமையல்கட்டு ஷெல்ஃப்ல உக்காந்திருந்துச்சு, வீடு பார்க்க வந்தது நாங்கதான்ங்கற மாதிரி எங்களை ஏற இறங்கப் பார்த்துச்சு. வெள்ளை, கறுப்பு, மஞ்சள்னு மூணு நிறம். ஓனர் சம்சாரம், நான் அக்கான்னு கூப்பிடுவேன், அவங்கதான் சொன்னாங்க: "முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது. இருக்கட்டும்மா, எலி வராது." சரின்னு இருக்க விட்டோம். அது நாலு குட்டி போட்டு ரெண்டு தங்குச்சு. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு சாம்பல். பேரெல்லாம் வைக்கலை. தாயை "பெரியவ"ன்னு கூப்பிடுவோம், அவ்வளவுதான்.

அப்பா போனதுக்கப்புறம் என் பொண்ணு பேச்சையே குறைச்சுக்கிட்டா. ஸ்கூல் விட்டு வந்தா பையை வைப்பா, சுவத்தைப் பார்த்து உக்காந்துப்பா. நான் வேலை முடிஞ்சு வரும்போது லைட்டு கூடப் போட்டிருக்க மாட்டா. அப்படி இருந்தவ பெரியவகிட்டதான் முதல்ல பேசினா. "இன்னாடி, சாப்பிட்டியா"ன்னு அவ பூனையைக் கேட்ட அன்னிக்கு நான் பாத்திரம் தேய்க்கற இடத்துல உக்காந்து அழுதேன். பத்தாவது, பதினொண்ணாவதுன்னு ரெண்டு வருஷமும் அந்தப் பூனையை மடியில வச்சுக்கிட்டுதான் படிச்சா. அதனால அது எங்களுக்கு எலி பிடிக்கற ஜந்து மட்டும் இல்லை. புரிஞ்சுக்குவீங்கன்னு நினைக்கறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன சீசன்ல, முதல் உப்பு வாருற நாளு. அன்னிக்கு அளத்துல வரப்பு மேல தேங்காய் உடைச்சு, சூடம் ஏத்திக் கும்பிட்டுட்டுதான் பாத்தியில கால் வைப்பாங்க. ஓனர் குளிச்சு, வேட்டி கட்டி, வண்டியில பூஜை சாமான் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பினாரு. காலையில ஆறு மணி. பெரியவ தினமும் ஆறு மணிக்கு எங்க வாசப்படியில இருந்து இறங்கி, கேட்டைத் தாண்டி, எதிர்ச் சுவத்துல வெயில் விழற இடத்துக்குப் போவா. அவளும் டைம் தவறாதவ, இவரும் டைம் தவறாதவர். ரெண்டு பேரும் கேட்டாண்ட சந்திச்சுக்கிட்டாங்க.

ஓனர் வண்டியை நிறுத்திட்டு உள்ள போனாரு. கொஞ்ச நேரம் உக்காந்தாரு, ஒரு வாய் தண்ணி குடிச்சாரு, திரும்பக் கிளம்பினாரு. இது எல்லாரும் செய்யறதுதான், நானும் செஞ்சிருக்கேன். அதோட முடிஞ்சிருக்கணும்.

அஞ்சாம் நாள் மழை பிடிச்சுது. கடல்ல ஏதோ சுழற்சின்னு டிவியில சொன்னாங்க. ரெண்டு நாள் விடாம ஊத்துச்சு. பாத்தியில இருந்த உப்பு மொத்தமும் தண்ணியாப் போச்சு. அது எவ்வளவு பெரிய அடின்னு எனக்குத் தெரியும். கடல் தண்ணியை ஏத்தி, வாரக்கணக்குல காய வச்சு, வெள்ளையா மேல வந்த நேரத்துல மழை பெய்ஞ்சா அளத்துக்காரன் வரப்புல நின்னு பார்த்துக்கிட்டு இருக்கறதைத் தவிர ஒண்ணும் பண்ண முடியாது. என் புருஷன் அப்படி நின்னு பார்த்திருக்கேன். அதனால ஓனர் நனைஞ்சு போய் வீட்டுக்கு வந்தப்ப எனக்கு நிஜமாவே பாவமா இருந்துச்சு. சூடா காபி போட்டுக் குடுக்கலாமான்னு கூட யோசிச்சேன்.

அவரு நேரா பின்பக்கம் வந்தாரு. என்னைப் பார்க்கலை. மோட்டார் ரூம் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு, உள்ள இருக்கற சம்சாரத்துக்குக் கேக்கற மாதிரி கத்தினாரு: "அந்தப் பீடை இந்தக் காம்பவுண்டுக்குள்ள இருக்கற வரைக்கும் நான் விளங்க மாட்டேன். பூனை குறுக்கே வந்துச்சு, உப்பு போச்சு." அப்பதான் நான் சிரிச்சுத் தொலைச்சேன். வேணும்னு இல்லை, தானா வந்துடுச்சு. அவரு திரும்பி ஒரு பார்வை பார்த்தாரு. நான் வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டேன்.

மறுநாள் அக்கா ஒரு பேப்பரோட வந்தாங்க. பழைய வாடகை அக்ரிமென்ட். கடைசியில பேனாவால ஒரு வரி புதுசா எழுதியிருந்துச்சு: வளர்ப்புப் பிராணிகள் வைக்கக் கூடாது. பத்து நாளைக்குள்ள மூணையும் அனுப்பிடணுமாம், இல்லைன்னா நாங்க போகணுமாம்.

"அக்கா, நீங்கதானே இருக்கட்டும்னு சொன்னீங்க?"

"சொன்னேன்மா. அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"கழுவெளி ஏரி ஓரத்துல அளம் மொத்தமும் கரைஞ்சு கிடக்குது. அத்தனை பேருக்கும் குறுக்க எங்க பூனையே போச்சா? அத்தனை வீட்டுக்கும் ஒரே நாள்ல நடந்து போச்சா?"

"என்னைக் கேட்டா? அவரு சொன்னதை நான் சொல்றேன்."

"வளர்ப்புப் பிராணி கூடாதுன்னா பின்னாடி உங்க மாடு நிக்குதே, அது என்ன?"

"மாடு லட்சுமி. அதையும் இதையும் ஒண்ணாப் பேசாத."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பொண்ணு உள்ள இருந்து பார்த்துக்கிட்டே இருந்தா. "நீ சண்டையே போடலை"ன்னு சொன்னா. "போட்டேனே, கேக்கலையா?"ன்னேன். "கையெழுத்துப் போட்டுட்டியே, அப்புறம் என்ன சண்டை?"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா.

கறுப்பை மீன் கடையில குடுத்தேன். ரோட்டோரம் மீன் அறிஞ்சு குடுக்கற அம்மா ஒருத்தங்க, எனக்குத் தெரிஞ்சவங்க. அதைத் தூக்கி வாலடியில பார்த்துட்டு, "ஆம்பளைதான், விட்டுட்டுப் போ"ன்னாங்க. அது நான் திரும்பறதுக்குள்ள கிழங்கான் தலை ஒண்ணைக் கவ்விக்கிட்டுப் பலகைக்குக் கீழ போயிடுச்சு. என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கலை. அன்னிக்கு அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

சாம்பலை பொம்மையார்பாளையத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அங்க ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல என் சித்தி பொண்ணு சமைக்கறா. அந்த இடத்தை நடத்தற அம்மா சென்னைக்காரங்க, பூனைன்னா உயிரு. அட்டைப்பெட்டியை மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல போய் இறங்கினா, எனக்கு இன்டர்வியூ நடக்குது. ஊசி போட்டீங்களா, ஆபரேஷன் பண்ணீங்களா, என்ன சாப்பிடும், எத்தனை மணிக்குச் சாப்பிடும். சொன்னேன். கடைசியா, "ஏன் கைவிடறீங்க?"ன்னு கேட்டாங்க. அந்த வார்த்தை எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஹவுஸ் ஓனர் விஷயத்தைச் சொன்னேன். "நானா இருந்தா ஒரு ஹவுஸ் ஓனருக்காக என் குழந்தைங்களை விட்டுக் குடுக்க மாட்டேன்"னு சொன்னாங்க. பத்து ரூம் இருக்கற சொந்தக் கட்டடத்துல, ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு சொன்னாங்க. நல்லவங்கதான், பூனையை வாங்கிக்கிட்டாங்க, எனக்கு ஜூஸும் குடுத்தாங்க. ஆனா திரும்பி வர்ற வழி முழுக்க நான் மனசுக்குள்ள அவங்களோட சண்டை போட்டுக்கிட்டே வந்தேன்.

பெரியவதான் மிஞ்சினா. அவளை ஒருத்தரும் கேக்கலை. ஷெட்டுல கேட்டேன், டெய்லர் கடையில கேட்டேன், பெருமுக்கல்ல இருக்கற என் அண்ணனுக்குப் போன் போட்டேன். எல்லார் வாயிலயும் ஒரே கேள்வி: "பொட்டையா?" ஆமான்னா அதோட பேச்சு முடிஞ்சுது. "வயசு வேற ஆயிடுச்சு, இன்னும் குட்டி வேற போடும், யாரு பார்க்கறது?" என் சொந்த அண்ணனே அப்படிச் சொன்னான். எனக்கு வீடு தேடினப்ப கேட்ட மாதிரியே இருக்குதேன்னு தோணுச்சு. தோணினதை அப்படியே விட்டுட்டேன்.

ஒன்பதாம் நாள்தான் ஒரு வழி கிடைச்சுது. என்னோட சேர்ந்து அளத்துல வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி, அவளும் அவ புருஷனும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் குவிச்சு வச்ச உப்பு அம்பாரத்துக்குக் காவலா கொட்டகையில இருக்காங்க. அம்பாரத்தை மூடற ஓலைக்குள்ள எலி குடியேறி, மேல போட்ட தார்ப்பாயைக் கடிச்சு ஓட்டை போடுது, மழை வந்தா ஒழுகிடும். "குடு அக்கா, நான் பார்த்துக்கறேன்"னு சொன்னா. எனக்கு அவ காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்துச்சு.

சாக்குப்பையில போட்டுதான் தூக்கிக்கிட்டுப் போனேன். வழி தெரியாம மூடித்தான் கொண்டு போகணும், இல்லைன்னா பூனை திரும்பி வந்துடும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. தண்ணியைத் தாண்டற இடத்துல சாக்கை மூணு சுத்து சுத்தணும். கால்வாய்ப் பாலத்துல நின்னு நானும் சுத்தினேன். பைக்குல போனவங்க பார்த்துக்கிட்டே போனாங்க. உள்ள அவ கத்தவே இல்லை. கத்தியிருந்தா எனக்குப் பரவாயில்லை. என் பொண்ணு கூட வரலை, காலையில இருந்து சாப்பிடவும் இல்லை.

சிநேகிதிகிட்ட எல்லாம் சொன்னேன். மீன் முள்ளை எடுத்துட்டுப் போடு, தயிர் சாதம் சாப்பிடும், கிட்ட வந்து உரசினா தூக்கணும்னு அர்த்தம், வயித்துல தொடாதே. எல்லாம் சொன்ன நான் ஒண்ணைச் சொல்லலை. காலைச் சொல்லலை. எட்டு வருஷம் அந்த உப்புத் தண்ணியில நின்னவ நான். சாயங்காலம் கரையேறினா முதல் வேலையா நல்ல தண்ணியில காலைக் கழுவி, எண்ணெய் தடவிக்கிட்டுதான் வீட்டுக்குப் போவோம். அப்படியும் விரல் சந்துல புண்ணு இருக்கும். எங்களுக்கு அது சட்டை போட்டுக்கற மாதிரி, யோசிச்சுச் செய்யறது இல்லை. பூனை பாத்தியில நடந்தா யாரு காலைக் கழுவி விடுவாங்க? அது நக்கித்தான் கழுவிக்கும். நக்கினா உப்பு உள்ள போகும். உப்புலயே பொழைக்கற எனக்கு அது புத்தியில ஏறலை.

வீடு அடுத்த நாள்ல இருந்து ஒரு மாதிரி ஆயிடுச்சு. பொண்ணு என்கிட்ட "உம்", "இல்லை" ரெண்டு வார்த்தைதான். பன்னெண்டாவது புஸ்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு சுவத்தைப் பார்க்க ஆரம்பிச்சா. மூணு வருஷம் கஷ்டப்பட்டு அந்தச் சுவத்துல இருந்து திருப்பின பொண்ணு.

பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு சிநேகிதி போன் பண்ணினா. "அக்கா, உன் பூனை காலு வெடிச்சுக் கிடக்குது. சாப்பிட மாட்டேங்குது, வாந்தி எடுக்குது. தண்ணி வச்சிருக்கேன், ஆனா பாத்தியிலதான் நடக்குது. நமக்கெல்லாம் அப்படித்தானே இருக்குது, பழகிடும்னு நினைச்சேன்." அவ மேல எனக்குக் கோபமே வரலை. நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். "காலைக் கழுவிட்டு கொஞ்சம் எண்ணெய் தடவு, ஞாயித்துக்கிழமை வர்றேன்"னு சொல்லிட்டு போனை வச்சுட்டேன். அன்னிக்குப் புதன்கிழமை. ஷெட்டுல லீவு குடுக்க மாட்டாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கேட்டா குடுப்பாங்க. எனக்குப் பயம், அதான் உண்மை. போய்ப் பார்த்தா தூக்கிக்கிட்டு வந்துடுவேன், தூக்கிக்கிட்டு வந்தா வீடு போயிடும். பொண்ணுகிட்ட இதைச் சொல்லவே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் திரும்ப ஒரு மழை. பெருசா ஒண்ணும் இல்லை, ஒரு மணி நேரம். பூனை இல்லாத காம்பவுண்டுலதான் பெய்ஞ்சுது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்ன சந்தோஷம் கூட வந்துச்சு, பொய் சொல்லுவானேன்? இப்ப யாரைச் சொல்லுவாருன்னு பார்க்கலாம்னு நினைச்சேன்.

வெள்ளிக்கிழமை காலையில அக்கா வந்தாங்க. கையில நாலு முருங்கைக்காய். எப்பவும் வாசல்ல நின்னு பேசறவங்க அன்னிக்கு உள்ள வந்து உக்காந்தாங்க.

"தப்பா நினைச்சுக்காதம்மா. நீ என் தங்கச்சி மாதிரி."

"சொல்லுங்கக்கா."

"அவரு காலையில கிளம்பற நேரம் உனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு ஒரு பத்து நிமிஷம் நீ வாசப்பக்கம் வராம இருந்தேன்னா நல்லா இருக்கும். கோலம் பொண்ணு போடட்டுமே. பொண்ணு வந்தா ஒண்ணும் இல்லை."

எனக்கு முதல்ல விளங்கவே இல்லை. "ஏன்க்கா? நான் என்ன பண்ணினேன்?"ன்னு கேட்டேன். அவங்க என் முகத்தைப் பார்க்கலை. முருங்கைக்காயையே பார்த்துக்கிட்டு, "உன் மேல ஒண்ணும் இல்லைம்மா. நீ நல்லவதான். உன் வீட்டுக்காரரு இல்லாம ஆயிட்டாரு இல்ல, அதான். எதிர்ல வந்தா இவருக்கு மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுது. தொழில் பண்றவரு பாரு"ன்னாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஊரு உலகத்துக்கே நியாயம் பேசற இந்த வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா? "சரிங்கக்கா"ன்னு சொல்லுச்சு. முருங்கைக்காயை வேற கை நீட்டி வாங்கிக்கிட்டேன்.

அக்கா போனதும் திரும்பினேன். பொண்ணு சமையல்கட்டு நிலையில சாஞ்சு நிக்கறா. எல்லாத்தையும் கேட்டுட்டா. ரெண்டு வாரமா என்கிட்ட முழுசா ஒரு வாக்கியம் பேசாதவ அப்பதான் வாயைத் திறந்தா.

"ஏம்மா, உனக்கு எத்தனை நாள் டைம் குடுத்திருக்காங்க?"

அடிச்ச மாதிரி இருந்துச்சு. கிண்டலாக் கேக்கலை, கண்ணுல தண்ணி நிக்குது. அந்த ஒரு கேள்வியில எனக்கு எல்லாம் தெளிஞ்சு போச்சு. மூணு பூனையையும் அனுப்பிட்டா நாம தப்பிச்சோம்னு நினைச்சேனே, என் புத்தியை என்ன சொல்றது? அவரு லிஸ்ட்டுல பூனைக்கு அடுத்த பேரு என் பேரு. ஒரு வேளை முதல்ல இருந்தே என் பேருதானோ என்னவோ, என்கிட்ட சொல்லத் தைரியம் இல்லாம பூனைகிட்ட ஆரம்பிச்சிருக்காங்க. என் புருஷன் செத்தது எனக்கு நஷ்டமா, இவரு உப்புக்கு நஷ்டமா? அழுதது நானு, கடனை உடனை வாங்கி ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சது நானு, பீடையும் நானே ஆகணுமா? அப்படி வந்துச்சு ஆத்திரம். முருங்கைக்காயைத் தூக்கி மாட்டுக்குப் போட்டேன். லட்சுமி சாப்பிடட்டும்.

"கிளம்பு"ன்னேன் பொண்ணைப் பார்த்து. "ஸ்கூல்?"னு கேட்டா. "ஒரு நாள் போகாட்டி ஒண்ணும் ஆகாது, பெரியவளுக்கு உடம்பு சரியில்லை"ன்னேன். எப்ப இருந்து, உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா. ஆட்டோவுல போகும்போது சொன்னேன், புதன்கிழமையே தெரியும்னும் சொன்னேன். பாலம் தாண்டற வரைக்கும் அவ என் பக்கம் திரும்பலை.

பெரியவ கொட்டகைக்குள்ள, தண்ணி கேனுக்குப் பின்னாடி ஈரமா இருக்கற இடத்துல படுத்திருந்தா. பாதி ஆளாயிட்டா. பாதம் நாலும் வெடிச்சு, சதை சிவந்து தெரியுது. வாயோரம் வெள்ளை பூத்திருந்துச்சு. என் பொண்ணு கிட்டப் போனதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாம, படுத்தபடியே கத்தினா. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதுல கேக்குது. சாக்குக்குள்ள கத்தாதவ. நான் மண்டியிட்டு நல்ல தண்ணி ஊத்தி ஒவ்வொரு காலாக் கழுவினேன். எத்தனையோ சாயங்காலம் என் காலைக் கழுவின அதே மாதிரிதான் கழுவினேன், கை தானாச் செய்யுது. மன்னிச்சுக்கோடின்னு சொல்லத் தோணுச்சு, பூனைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. சிநேகிதி பக்கத்துல நின்னு அவளும் அழறா.

அங்க இருந்து நேரா மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் குளுக்கோஸ் ஏத்தினாரு, ஊசி போட்டு, களிம்பு குடுத்தாரு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அவ்வளவுதான்னு சொன்னாரு. ரெண்டு நாள் விட்டா ஞாயித்துக்கிழமை. நான் வர்றேன்னு சொன்ன ஞாயித்துக்கிழமை. நான் பொண்ணு முகத்தைப் பார்க்கவே இல்லை. அவதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

சாக்கு எடுத்துக்கிட்டுப் போகலை. பழைய புடவையைக் கிழிச்சு நாலு காலுக்கும் கட்டி, பொண்ணு மடியில போட்டுக்கிட்டு, பட்டப்பகல்ல முன் கேட்டு வழியா வந்தோம். அக்கா ஜன்னல்ல நின்னு பார்த்தாங்க.

சனிக்கிழமை காலையில அஞ்சே முக்காலுக்கு வாசல் தெளிச்சேன். கோலம் நானே போட்டேன். சின்னக் கோலம் இல்லை, மார்கழிக்குப் போடற மாதிரி கேட்டு முன்னாடி பெரிய புள்ளிக் கோலம். பொண்ணு பூனையை மடியில வச்சுக்கிட்டு கேட்டுப் படியில உக்காந்தா. நான் கூப்பிடலை, அவளா வந்தா. ஆறு மணிக்கு ஓனர் வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. எங்களைப் பார்த்ததும் நின்னாரு. நான் குனிஞ்ச தலை நிமிராம புள்ளி வச்சுக்கிட்டே இருந்தேன். அவரு இருமினாரு. அப்புறம், "ஏம்மா, வீட்ல சொன்னாங்களே"ன்னாரு.

அப்பதான் நிமிர்ந்தேன். கோலப்பொடி டப்பாவைக் கீழ வச்சேன்.

"சொன்னாங்க அண்ணே. இந்தப் பூனைக்குச் சொன்னதையும் கேட்டேன், எனக்குச் சொன்னதையும் கேட்டேன். உங்க வீடு, ரூல் போடறது உங்க இஷ்டம். இந்த மாசம் முடியறதுக்குள்ள நாங்க மூணு பேரும் காலி பண்ணிடறோம். ஆனா ஒளிஞ்சுக்க மாட்டோம். அது வரைக்கும் நீங்க கிளம்பற நேரத்துக்கு நான் இங்கதான் நிப்பேன்."

அவரு என்னைப் பார்த்தாரு, பூனைக் காலுல கட்டியிருந்த துணியைப் பார்த்தாரு. வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே, கோலத்தை மிதிக்காம ஓரமாத் தள்ளிக்கிட்டு என்னைத் தாண்டிப் போனாரு.

மாசம் முடிய பத்தொன்பது நாள் இருந்துச்சு. பத்தொன்பது நாளும் நின்னேன்.